புழுவைக் கண்டதும் மருந்தா?

பனமரத்துப்பட்டிப் பக்கத்து மேட்டுக்காடுகளில் கடலைக்கு நடுவிலும் வரப்போரத்திலும் நிற்கும் ஆமணக்கைப் பார்த்திருப்பீர்கள். அதன் இலையை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். முதுகை வளைத்து நடக்கும் காவடிப்புழுக்களுக்கு இடையே, ஒன்றிரண்டு அசையாமல் கிடக்கும். அவற்றின் பின்பகுதிக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு கூடு ஒட்டியிருக்கும். பலர் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். அது மைக்ரோப்ளைட்டிஸ் என்ற சின்னஞ்சிறு குளவியின் கூடு. புழு இளசாக இருந்தபோதே தாய்க்குளவி அதன் உடலுக்குள் முட்டையிட்டுப் போய்விட்டது. உள்ளேயே வளர்ந்த குஞ்சு வெளியே வந்து கூடு கட்டிக்கொண்டது.

இவ்வளவு பெரிய காட்டில் இவ்வளவு சிறிய புழுவை அது எப்படிக் கண்டுபிடித்தது? பௌதிகம் கற்பிக்கும் எனக்கு முதலில் ஒளியும் ஒலியும்தான் நினைவுக்கு வரும். இங்கே வேலை செய்வதோ வேதிப்பொருள்கள்.

இதே இனத்தைச் சேர்ந்த அமெரிக்கக் குளவி ஒன்றை 1971-இல் ஆராய்ந்தவர்கள், அது புழுவின் எச்சத்தை உணர்கொம்பால் தட்டிப் பார்த்துத்தான் தேடலைத் தொடங்குகிறது என்று கண்டார்கள். எச்சத்திலுள்ள 13-மெத்தில்ஹென்ட்ரையகான்டேன் என்ற மெழுகுப் பொருளே அடையாளம். அது காற்றில் பரவாது; தொட்டால்தான் தெரியும். அப்படியானால் தூரத்திலிருந்து செடிக்கு வழி காட்டுவது எது? 1990-இல் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் மூவரும் மக்காச்சோள நாற்றில் சோதித்தார்கள். இலையை வெறுமனே கீறினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கீறலில் புழுவின் வாய்நீரைத் தடவினால், சில மணி நேரத்தில் செடி தனி மணம் ஒன்றை வீசியது. குளவி அதை நாடி வந்தது. செடி குளவியைக் 'கூப்பிடுகிறது' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. செடிக்கு அப்படி ஓர் எண்ணம் இருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் 'இயல்புணர்ச்சி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதையும் நான் ஏற்க மாட்டேன். லூயிஸும் டம்லின்சனும் 1988-இல், புழுவின் எச்சத்தைத் தொடும்போதே வனிலா மணத்தையும் குளவிக்குக் காட்டினார்கள். பிறகு அது வனிலாவைத் தேடிப் பறந்தது! இது கற்றல் இல்லையா?

நம் மாவட்டத்துக்கே வருவோம். கேரளத்தில் 2020-இல் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் தோட்டங்களையும் பிடித்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். இதுவும் பூச்சி பிடித்த மரவள்ளியின் மணத்தை நாடிச் செல்வதுதான். கடல் தாண்டிக் குளவியைக் கொண்டுவருகிறோம். நம் ஆமணக்கில் தானாக வந்த குளவியைப் புழுவோடு சேர்த்து மருந்தடித்துக் கொல்கிறோம்!

"காத்திருந்தால் இலையெல்லாம் போய்விடும்" என்பார் உங்கள் அப்பா. அந்தப் பயம் நியாயமானதே, பாடுபட்டவர் அவர். புழு மிகுந்து, கூடு எங்குமே காணாவிட்டால் மருந்து தேவைப்படலாம். ஆனால் முட்டை ஏறிய புழு இரை குறைத்துவிடும். கூடுகள் பரவலாகத் தென்பட்டால் மருந்தை நிறுத்தி வையுங்கள் என்றுதான் வேளாண் அறிஞர்களும் சொல்கிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது புழுக்களை எண்ணுங்கள். எத்தனையில் கூடு இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அப்பா தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன் அந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.