மச்சி, தம் கட்டாதே!

வீரகேரளம்புதூர் பக்கம் சித்தாத்துல முங்குநீச்சல் போட்டு வளர்ந்தவங்களுக்கு 'தம் கட்டுறது'ன்னா என்னன்னு சொல்லித் தர வேண்டாம். யார் ரொம்ப நேரம் தம் கட்டி உள்ளே கிடக்கிறாரோ, அன்னிக்கு அவர்தான் ஹீரோ! அதே ஹீரோ ஸ்கூபா டைவிங் கத்துக்கப் போனால், அங்கே சொல்லித் தர்ற முதல் விதியே இதுதான்: 'எக்காரணம் கொண்டும் தம் கட்டாதே!'

என்னங்க இது, நீச்சலுக்கே விரோதமா இருக்கே என்கிறீர்களா? கொஞ்சம் ஆத்தோடவே நடந்து வாங்க.

குற்றாலத்துத் தண்ணியைச் சுமந்துட்டு வர்ற சித்தாறு, தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேருது. அந்தக் கடல்தான் நம்ம ஆளுங்க முத்துக்குளிச்ச கடல். முத்துக்'குளித்தல்'னா சோப்பு போட்டுக் குளிக்கிறது இல்லை பாஸ், 'மூழ்கி எடுக்கிறது'! மூழ்குறவர் 'குளியாள்'. சிப்பி விளையுற கடலடித் திட்டு 'பார்'. சுறா வராம மந்திரம் போட்டுக் கட்டுறவர் 'கடல்கட்டி'. ஆக, ஸ்கூபா வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே டைவிங்குக்குன்னு தனி டிக்‌ஷனரி வைச்சிருந்த பரம்பரை நாம.

குளியாள் காலில் கல்லைக் கட்டிட்டுச் சர்ருனு இறங்குவார். மூச்சு முட்டும்போது கயித்தை ஒரு இழுப்பு இழுத்தா, படகில் இருக்கிறவர் மேலே தூக்கணும். தங்கச்சி தாலி சம்பந்தப்பட்ட விஷயம்ங்கிறதால, கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. ஸ்கூபாவிலும் தனியா இறங்கக் கூடாது, ஜோடியாத்தான் இறங்கணும். அந்த ஜோடிக்குப் பேர் 'படி'. நம்ம பாஷையில் மச்சி!

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடியே, 1943-ல், பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து முதுகில் சுமக்கிற மூச்சுக் கருவியை உருவாக்கிட்டாங்க. 'செல்ஃப் கன்டெய்ன்டு அண்டர்வாட்டர் ப்ரீதிங் அப்பாரட்டஸ்' என்பதன் சுருக்கம்தான் ஸ்கூபா. கூடவே எடுத்துட்டுப் போற மூச்சுன்னு வைச்சுக்கலாம்.

இப்போ 'தம்' விஷயத்துக்கு வருவோம். சித்தாத்தில் முங்கும்போது நெஞ்சுக்குள்ளே இருக்கிறது கரையில் இழுத்த காத்து. ஆழம் போகப் போகச் சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கு வந்துடும். வம்பில்லை. ஆனா கடல்ல 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருக்கிறதைப்போல ரெண்டு மடங்கு. ஸ்கூபாவில் அங்கே இழுக்கிற மூச்சும் அதே அழுத்தத்தில்தான் வரும். அதைத் தம் கட்டி வைச்சுட்டு மேலே வந்தால், காத்து ரெண்டு மடங்கா விரியும். நுரையீரல் என்ன லாரி டியூபா? கிழிஞ்சுடும். உயிர் போற விஷயம் இது.

அடுத்த வார்த்தை, 'ஆக்சிஜன் சிலிண்டர்'. சினிமாவிலிருந்து செய்தி வரைக்கும் எல்லாரும் சொல்றது இதைத்தான். ஆனா சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் இருக்கிறது நாம இப்போ சுவாசிக்கிற அதே காத்துதான், அழுத்தி அடைச்சது. சுத்த ஆக்சிஜனை ஆழத்துல இழுத்தா வலிப்பே வரலாம்.

'ஆக்டோபஸ்'னு யாராவது சொன்னால் பயந்து ஓடாதீங்க. மச்சிக்குக் காத்து தீர்ந்துட்டா கொடுக்கிறதுக்கான உபரி மூச்சுக்குழாய் அது. 'பெண்ட்ஸ்'ங்கிறது நோய். ஆழத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைஞ்ச நைட்ரஜன், வேகமா மேலே வந்தால் கோலி சோடாவை உடைச்ச மாதிரி நுரைச்சுக் கிளம்பும். மூட்டு வலிக்கும், கை கால் செயலிழக்கவும் செய்யலாம். அதனாலதான் மெதுவா ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நிக்கிறாங்க. அதுக்குப் பேர் 'சேஃப்டி ஸ்டாப்'.

உள்ளே போயிட்டா வாய் பேச முடியாது, எல்லாமே சைகைதான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் 'சூப்பர்'னு அர்த்தம் இல்லை, 'மேலே போகலாம்'! நீங்க குஷியில் காட்ட, மச்சி உங்களைக் கூட்டிட்டு மேலே கிளம்பிடுவார். நல்லா இருக்கேன்னு சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாச் சேர்க்கணும். கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுற மாதிரி இழுத்தால், 'காத்து தீர்ந்துடுச்சு'. அதை நம்ம ஊர் 'தொலைஞ்சே மவனே' மிரட்டல்னு நினைச்சு சிரிச்சா, முடிஞ்சது கதை.

இது டூர் போற காலேஜ் பசங்களுக்கு மட்டும் இல்லை. படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாய் வழியா மூச்சு வாங்கிச் சங்கு எடுக்கிறவங்க நம்ம கடலில் இருக்காங்க. முதுகில் சிலிண்டர் இல்லையே தவிர, இழுக்கிறது அழுத்தக் காத்துதான். தாத்தா சொல்லித் தந்த 'தம் கட்டு' இங்கே உதவாது, ஆளையே அடிச்சுடும். காத்து மாறிடுச்சு, வார்த்தையும் மாறணும். 'தம் கட்டாதே, மெதுவா ஏறு, 5 மீட்டரில் நில்லு'. இதைத் தமிழில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ போய், ஆசைக்கு ஒரு தடவை டைவ் அடிக்கப் போறீங்களா? இறங்கும் முன்னாடி பயிற்சியாளர் இங்கிலீஷில் கடகடன்னு சொல்லிட்டு, 'ஓகேவா?' என்பார். கிளாஸில் ஆட்டுற மாதிரி தலையை ஆட்டிடாதீங்க. அரியர் வைச்சால் அடுத்த செமஸ்டரில் கிளியர் பண்ணலாம், இங்கே அந்த வசதி கிடையாது. புரியலைன்னா தமிழிலேயே கேளுங்க. ஒவ்வொரு சைகையையும் கரையிலேயே செஞ்சு காட்டச் சொல்லுங்க.

'சார், ஒரு டவுட்'னு எந்திரிக்கிறவனைப் பார்த்தால் கிளாஸே சிரிக்கும். படகில் மட்டும், கயித்தைப் பிடிக்கத் தகுதியான மச்சான் அவன்தான்!