பாட்டி வாங்கிய நானோ பாத்திரம்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிற்கு ஒரு விற்பனையாளர் வந்தார். தம் குடிநீர்ப் பாத்திரத்தில் ‘நானோ இயந்திரங்கள்’ இருப்பதாகவும், அவை இரத்தத்தில் கலந்து நோயைத் தேடி அழிக்கும் என்றும் கூறினார். சர்க்கரை நோயால் வருந்தும் என் பாட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து அதை வாங்கிவிட்டார். சர்க்கரையோ சிறிதும் குறையவில்லை. “நானோ என்பதே ஏமாற்று வித்தை” என்று அப்பா கோபித்துக்கொண்டார். பாட்டி நம்பியது தவறுதான். ஆனால் அப்பா கூறியதும் சரியல்ல என்பது என் கருத்து.

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். 1959-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், அமெரிக்கப் பௌதிக மேதை ரிச்சர்ட் பெயின்மன் கலிபோர்னியாவில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பொருள்களை அணு அணுவாக அடுக்கிக் கட்டுவதை இயற்கை விதிகள் தடுக்கவில்லை என்றார். அத்துடன், அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு அளவுள்ள மின்மோட்டாரைச் செய்பவருக்கு 1,000 டாலர் பரிசும் அறிவித்தார். மறு ஆண்டே வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் அதைச் செய்து கொண்டுவந்தார். பெயின்மனுக்கோ சற்று ஏமாற்றம்! புதிய முறை ஒன்று பிறக்கும் என அவர் எதிர்பார்த்திருக்க, வந்தவர் சாதாரணக் கருவிகளையும் பொறுமையையும் கொண்டே முடித்துவிட்டார். (எனக்கு என்னவோ மெக்லெல்லனைத்தான் அதிகம் பிடிக்கிறது.)

எனினும் அந்த மோட்டாரும் ஏறக்குறைய 4 இலட்சம் நானோமீட்டர் அகலம்! அதையே மேலும் மேலும் சிறிதாக்கினால் நானோ இயந்திரம் கிடைத்துவிடாது. அவ்வளவு சிறிய உலகில் நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் மோதித் தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே திருகாணியும் பற்சக்கரமும் நம் சொற்படி கேளா. ஆகவேதான் இரசாயன விஞ்ஞானிகள் வேறு வழியில் சென்றனர். நெதர்லாந்து நாட்டுப் பேராசிரியர் பென் பெரிங்கா, ஒளி பட்டால் ஒரே திசையில் சுழலும் மூலக்கூறை 1999-இல் உருவாக்கினார். 2016-இல் சாவேஜ், ஸ்டாடர்ட் ஆகிய இருவருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இது ஏமாற்று வித்தையா, அப்பா?

கொரோனா தடுப்பூசிகள் சிலவற்றில் மருந்தைச் சுமந்து சென்றவையும் நானோ அளவுள்ள கொழுப்புத் துளிகளே. அவை இயந்திரங்கள் அல்ல, பொட்டலங்கள் எனலாம். சர்க்கரை நோயைத் தேடிச் சென்று குணமாக்கும் இயந்திரம் இன்றுவரை எந்த மருந்துக்கடைக்கும் வரவில்லை. விற்பனையாளர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை, நாம் கேட்பதுமில்லை.

ஆனால் உண்மையான நானோ இயந்திரம் நம் உயிரணுக்களில் சுழல்கிறது. அதன் தலைப்பகுதி ஏறக்குறைய 10 நானோமீட்டர் அகலம்தான். அணைநீர் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவதுபோல், ஹைட்ரஜன் அயனிகள் பாய்ந்து அதைச் சுழற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள் உண்டாகின்றன. நாம் நடப்பதும் நினைப்பதும் அந்தச் சக்தியால்தான். 1997-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அது சுழல்வதை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்தனர்.

இதைப் பாட்டிக்கு விளக்கினேன். “அப்படியானால் எனக்குள்ளே ஏற்கெனவே இருக்கிறதா?” என்று கேட்டார். “கோடி கோடியாக இருக்கிறது, பாட்டி” என்றேன். சற்று யோசித்துவிட்டு, அந்த விற்பனையாளர் கொடுத்த ரசீதைத் தேடி எடுத்து வரச் சொன்னார்.