கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான்!

மீன் பிடிக்கிறார்கள். புறா பிடிக்கிறார்கள். படமும் பிடிக்கிறார்கள்.

மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல்தான். பொருத்தமான சொல். காமிராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கும் சிலரைப் பார்த்தால், படம் பிடிக்க வந்தவர்களா, பறவை பிடிக்க வந்தவர்களா என்று சந்தேகம் வருகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் கழுவெளி என்று ஒரு பெரிய நீர்ப்பரப்பு இருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறிக் கிழக்கே போனால் மரக்காணம். உப்பளங்களுக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து தெற்கே வானூர் தாலுகா வரை கழுவெளி பரந்து கிடக்கிறது. பரப்பு 5 ஆயிரத்து 151 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சொன்னால் 12 ஆயிரத்து 700-க்கும் மேல்!

இது வெறும் ஏரி அல்ல. ஒரு பக்கம் மழைத் தண்ணீர். மறுபக்கம் கடல் தண்ணீர். எடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியாக உப்பு நீர் உள்ளே வருகிறது. உப்புக்கல்லி ஓடை அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டும் கலக்கிற இடத்தில் மீன் குஞ்சு, இறால், புழு, பூச்சி எல்லாம் பெருகுகின்றன. தண்ணீரோ முழங்கால் ஆழம், கணுக்கால் ஆழம். நீண்ட கால் உள்ள பறவைகளுக்கு இதைவிட நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே கிடைக்கும்?

பூநாரை வருகிறது. அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சேற்று நீரை வடிகட்டிச் சாப்பிடுகிறது. அரிவாள் மூக்கன் வளைந்த அலகைச் சேற்றில் குத்தித் துழாவுகிறது. கரண்டிவாயன் வயல் அறுப்பது போல இடமும் வலமும் அலகை வீசிக்கொண்டே நடக்கிறது. நத்தைகொத்தி நாரையின் அலகு நடுவில் மூடாது, இடைவெளி இருக்கும். நத்தையைக் கையாள்வதற்கு என்றே அமைந்த அலகு அது! ஒரே குட்டையில் இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள். சண்டை அதிகம் இல்லை. ஒவ்வொருவருக்கும் வேறு கருவி, வேறு சாப்பாடு.

2021-ம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் அது "ராம்சார்" பட்டியலிலும் சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஓர் ஊர். 1971-ல் பல நாடுகள் அங்கே கூடி, உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளைக் காப்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்தப் பட்டியலில் மரக்காணத்துப் பக்கத்து ஏரியும் இருக்கிறது. விழுப்புரம்காரர்கள் பெருமைப்படலாம்.

பெயர் பரவினால் கூட்டம் வரும். கூட்டத்தோடு காமிராவும் வரும். அது தவறா?

இல்லை. படம் எடுப்பது நல்ல காரியம். மூன்று தலைமுறைக்கு முன்னால் பறவையை விரும்பியவர் துப்பாக்கி எடுத்துப் போனார். சுட்டு வீழ்த்தி, பஞ்சு அடைத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். இன்று அவருடைய பேரன் காமிரா எடுத்துப் போகிறான். பறவை உயிரோடு இருக்கிறது. படமும் கிடைக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து, வீட்டை விட்டு வெளியே போக முடியாத பாட்டிகூடப் பூநாரையின் நிறத்தைத் தெரிந்துகொள்கிறாள். தேதியும் இடமும் குறித்த ஒரு படம், எந்தப் பறவை எப்போது வந்தது என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கிறது.

தகராறு எங்கே இருக்கிறது என்றால், கிட்டப் போவதில் இருக்கிறது.

மாட்டுக்குள் மனிதர்

இங்கிலாந்தில் கியர்டன் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். ரிச்சர்டு, செர்ரி என்று பெயர். பறவைகளையும் கூடுகளையும் படம் பிடிக்க முதலில் முனைந்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அந்தக் காலத்தில் தூரத்தில் இருந்து படம் எடுக்கும் லென்சு வசதி இன்று போல் கிடையாது. கிட்டத்தான் போக வேண்டும். போனால் பறவை பறந்துவிடும்.

என்ன செய்தார்கள் தெரியுமா? 1900-ம் ஆண்டு வாக்கில், உள்ளே வெற்றிடமாக ஒரு மாட்டுப் பொம்மை செய்தார்கள். நிஜ மாட்டுத் தோல் போர்த்தினார்கள். அதற்குள் ஆள் புகுந்து, காமிராவை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருந்தார்! மாடு மேய்கிறது என்று பறவை நினைத்துக்கொண்டது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கஷ்டம் யாருக்கு? படம் எடுத்தவருக்கு. பறவைக்கு அல்ல.

இன்று 600 மில்லிமீட்டர் லென்சு இருக்கிறது. சாதாரண 50 மில்லிமீட்டர் லென்சு காட்டுவதைவிட 12 மடங்கு பெரிதாக அது காட்டும். ஒரு விநாடியை 2 ஆயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு நேரத்தில் படம் விழும். சிறகு அடிப்பு அப்படியே நின்றுவிடும். மாட்டுப் பொம்மைக்குள் வேர்த்து விறுவிறுத்த மனிதருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

எல்லாம் இருந்தும், இன்னும் பத்து அடி, இன்னும் பத்து அடி என்று சிலர் நகர்கிறார்கள். பறவை நின்றால் போதாது, பறக்க வேண்டும். பறக்கும் படம்தான் அழகாம். அதற்காகக் கை தட்டுவது, கல்லை விட்டு எறிவது. தலைக்கு மேலே டிரோன் விடுவதும் உண்டு. மேலே வட்டமிடுவது எதுவானாலும் பறவைக்கு அது பருந்துதான். செல்போன்காரர்கள் இன்னும் மோசம். அந்தச் சின்ன லென்சுக்குப் பறவை தெரிய வேண்டுமானால் அதன் மடிக்கே போக வேண்டும், போகிறார்கள்!

"பறந்தால் என்ன? திரும்ப வந்து உட்காரப் போகிறது" என்பார்கள்.

பறந்தால் என்ன?

என்ன என்று பார்ப்போம். மூக்கன் என்று ஒரு கரைப்பறவை. அதில் பட்டைவால் மூக்கன் என்ற இனத்துக் குஞ்சு ஒன்றுக்கு விஞ்ஞானிகள் அடையாளக் கருவி பொருத்தினார்கள். 2022-ம் ஆண்டு அக்டோபரில் அது அமெரிக்காவின் அலாஸ்காவில் கிளம்பியது. 11 நாள் இரவு பகலாகப் பறந்தது. எங்கும் இறங்கவில்லை. 13 ஆயிரத்து 560 கிலோமீட்டர் தாண்டி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. அதன் வயது 5 மாதம்!

கழுவெளிக்கு வருகிற எல்லாப் பறவைக்கும் இவ்வளவு தூரம் இல்லை. ஆனால் வடக்கே மத்திய ஆசியாவில் இருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிற உள்ளான்களும் மூக்கன்களும் இதே தொழிலைத்தான் செய்கின்றன. உடம்பில் உள்ள கொழுப்பை எரித்துப் பறந்து வருகின்றன. வந்ததும் தின்று தின்று மறுபடி உடம்பைத் தேற்ற வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் போகச் சக்தி இருக்காது. ஒரு தடவை எழுப்பிவிட்டால் தின்றதில் கொஞ்சம் போச்சு. காலையில் பத்துப் பேர் பத்துத் தடவை எழுப்பினால்? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனை வாய்க்கு ஒரு தரம் எழுப்பிவிட்டுப் பார்த்தால் தெரியும்.

கூடு விஷயம் இதைவிடக் கொடியது. ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான் போன்றவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டை இடும். கோடை வெயிலில் அந்த முட்டையைக் காப்பது தாயின் நிழல்தான். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கிற பறவைகள் இவை. காமிராக்காரர் முட்டையைப் படம் எடுக்க அரை மணி நேரம் அங்கேயே நின்றால் தாய் திரும்பாது. முட்டை வெந்துவிடும். அல்லது மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற காக்கை வேலையை முடித்துவிடும். படம் என்னவோ அழகாகத்தான் வந்திருக்கும்.

இது பாவம் மட்டும் அல்ல, குற்றமும் ஆகும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் "வேட்டை" என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்கிறது. கொல்வது, பொறி வைப்பது மட்டும் வேட்டை இல்லை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான்! சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க அனுமதி வாங்கவும் அந்தச் சட்டம் வழி சொல்கிறது. பறவைக்கும் அது வாழும் இடத்துக்கும் கெடுதல் இல்லாமல் எடுக்க வேண்டும் என்று 2022-ம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவாகவே சேர்த்துவிட்டார்கள்.

வேடந்தாங்கல் வழி

சட்டம் வருவதற்கு முன்னாலேயே இதைப் புரிந்துகொண்ட ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் அருகில் உள்ள வேடந்தாங்கல். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயோனல் பிளேசிடம் போய் முறையிட்டு, இனிச் சுடக்கூடாது என்று எழுத்து வாங்கி வந்தார்கள். பறவை மேல் இருந்த அன்பு மட்டும் காரணம் இல்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சல் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்றும் அங்கே பார்க்க வருகிறவர்கள் ஏரிக்கரை மேல் நின்றுதான் பார்க்கிறார்கள். பறவைகள் தண்ணீர் நடுவே உள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. நடுவில் தண்ணீர் இருப்பதால் யாரும் மடிக்குப் போக முடியாது. நல்ல படங்களுக்குக் குறைவும் இல்லை.

கழுவெளியில் அப்படி ஒரே கரை இல்லை. நாலா பக்கமும் ஊர், வயல், தரிசு. எங்கிருந்தும் இறங்கலாம். கோடையில் தண்ணீர் வற்றினால் நடந்தே நடுவுக்குப் போய்விடலாம். ஆகவே இங்கே இன்னும் கவனம் தேவை.

படம் எடுக்க வருகிறவரை விரட்ட வேண்டாம். உட்கார இடம் கொடுத்தால் போதும். ஓலைத் தட்டி வைத்து, பார்க்க ஓட்டை விட்டு, மறைப்புப் பந்தல் போடலாம். கியர்டன் சகோதரர்களின் மாட்டுக்கு இருந்த வேலைதான் அதற்கும். வழிகாட்ட அந்த ஊர் மீனவர்களையே கூலி கொடுத்து வைக்கலாம். எந்த மேட்டில் முட்டை இருக்கிறது, எந்த ஓடையில் நாரை இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? வலையும் கூடையுமாகத் தன் வேலையைப் பார்த்து நடக்கிற மீனவனைப் பறவை அவ்வளவாக லட்சியம் செய்வதில்லை. பதுங்கிப் பதுங்கித் தன்னையே முறைத்துக்கொண்டு வருகிறவனைத்தான் அது நம்புவதில்லை. அதன் அனுபவம் அப்படி!

பரிசுப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கூட்டுக்குள் குஞ்சு வாயைப் பிளக்கும் படத்துக்குப் பரிசு கொடுத்தால், அடுத்த ஆண்டு ஆயிரம் பேர் கூட்டைத் தேடிப் போவார்கள். அந்தப் படங்களைப் போட்டியில் சேர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

தமிழ்நாட்டில் பிறந்த மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே பேர் வாங்கியவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கையில் கிடைத்த பாகங்களைப் பூட்டித் தாமே அமைத்துக்கொண்ட காமிராவில் காட்டு யானைகளைப் படம் எடுத்தார். 1960-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 1950 முதல் 1996-ல் கண் மூடும் வரை 46 ஆண்டுகள் ஒரு கல்கத்தாப் பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதினார். விலை உயர்ந்த காமிரா இருந்தால்தான் படம் வரும் என்பவர்கள் அவர் படங்களை ஒரு தரம் பார்க்கலாம்.

கழுவெளிக்குப் போகிறவர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. விடியற்காலையில் போவது. சூரியனை முதுகுப் பக்கம் வைத்து உட்காருவது. மேய்கிற பறவை தலையைத் தூக்கி, மேய்ச்சலை நிறுத்தி, தம்மையே பார்த்தால், அங்கேயே நின்றுவிடுவது. அதுதான் எல்லை. அரை மணி அசையாமல் இருந்தால் பல நேரம் பறவையே கிட்ட வரும்.

ஐப்பசி மழை பிடித்ததும் கழுவெளியில் தண்ணீர் ஏறும். வடக்கே இருந்து கூட்டங்கள் வந்து இறங்கும். மறைப்புப் பந்தலுக்கு வேண்டியது கொஞ்சம் மூங்கிலும் கொஞ்சம் ஓலையும்தான். புரட்டாசிக்குள் போட்டு முடித்துவிடலாம்.