வேலியைக் குத்தகைக்கு விடலாமா?

காட்டுப்பன்றியாலும் மானாலும் பயிர் அழிகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், நம்மிடையே படித்தவர் சிலர் ஒரு தீர்வை எடுத்து வைக்கிறார்கள். ஐரோப்பாவில் நிலக்காரர்கள் ஒன்றுசேர்ந்து வேட்டை உரிமையைக் குத்தகைக்கு விடுகிறார்களாம். வேட்டைக்காரன் பணமும் கொடுத்து விலங்கையும் குறைத்துவிடுகிறானாம். நாமும் அப்படிச் செய்தால் என்ன என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான யோசனைதான். ஆனால் காவிரிக் கரையில் நின்று யோசித்துப் பார்த்தால் இதன் சாயம் வெளுத்துவிடுகிறது.

முதலில் ஐரோப்பிய முன்மாதிரியையே பார்ப்போம். ஜெர்மனியில் வேட்டை உரிமை நில உடைமையோடு பிணைந்தது. ஒரே தொகுதியாக 75 ஹெக்டேருக்கு மேல் வைத்திருப்பவருக்குத் தனி வேட்டைக்களம் உண்டு. அதற்குக் குறைந்த நிலமுடையோர் சட்டப்படி ஒரு வேட்டைக் கூட்டமைப்பின் உறுப்பினராகிவிடுகிறார்கள். அந்த அமைப்பே உரிமையைப் பல ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடுகிறது. பயிருக்கும் மரத்துக்கும் நேரும் சேதத்துக்கு ஈடு தரும் பொறுப்பு பெரும்பாலும் ஒப்பந்தத்தின் வழியே குத்தகைக்காரர் தலையில் விழுகிறது.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இருந்தும், அங்கே மரம் வளர்ப்போரின் முறையீடு ஓய்ந்தபாடில்லை. இளங்கன்றுகளின் குருத்தை மான் கடித்துவிடுவதால், வேலி போடாமல் பல இடங்களில் புதுக்காடு எழும்புவதில்லை. காரணம் எளிது. குத்தகைக்காரர் காசு கொடுப்பது மான் இருப்பதற்காக, இல்லாமல் போவதற்காக அல்ல. நல்ல கொம்புள்ள ஆண்மான் நிறைய உலவ வேண்டும் என்பது அவர் ஆசை. மான் குறைந்து கன்று பிழைக்க வேண்டும் என்பது காட்டுக்காரரின் தேவை. எத்தனை சுட வேண்டும் என்பதற்குத் திட்டங்கள் வகுத்தும் இழுபறி தீராமல், பவேரியா மாநிலம் விலங்கைவிடக் காட்டுக்கே முதலிடம் என்று தன் வனச் சட்டத்திலேயே எழுத நேர்ந்தது. வேட்டையை மனச்சாட்சி ஏற்காத நில உரிமையாளர் ஒருவரை இக்கூட்டமைப்பில் கட்டாயமாக வைத்திருப்பது தவறென்று 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நினைவிருக்கட்டும்.

நமக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. 1877இல் நீலகிரியில் வேட்டைப் பிரியர்கள் சங்கம் அமைத்தார்கள். 1879இல் சட்டமும் வந்தது. வேட்டைக்கு உரிமச்சீட்டு, தடைக்காலம் எல்லாம் வந்தன. விலங்குகள் அறவே அழியாமல் இருந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த ஏற்பாடு காத்தது வேட்டையாடுவோரின் பொழுதுபோக்கை. மலையில் பயிரிட்டவரின் வயலை அல்ல.

இனி தஞ்சைக்கு வருவோம். சட்டத்தின் தடையை ஒரு கணம் மறந்துவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991இன் திருத்தமும் உரிமம் பெற்று வேட்டையாடும் வழக்கத்தையே முடித்துவைத்தன. கோடியக்கரையின் வெளிமானுக்கு உச்சப் பாதுகாப்பு. 1967 முதல் அது சரணாலயம். அங்கே மானுக்குத் தொல்லை அதன் பெருக்கமல்ல. புல்வெளியை விழுங்கும் சீமைக் கருவேலமே. இவை அனைத்தையும் ஒதுக்கிவைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: நம் டெல்டாவில் வேட்டை உரிமை யாருடையதாகும்?

நில உடைமையோடு உரிமை செல்லும் என்றால், அது கோயிலுக்கும் மடத்துக்கும் ஊரில் இல்லாத மிராசுதாருக்கும் போய்ச் சேரும். வரப்பில் இரவெல்லாம் தகரம் தட்டிக் காவல் காப்பவர் சாகுபடிதாரர். 1952இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் குத்தகைதாரர் சட்டம், 1969இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் என்று வரிசையாக வந்த பிறகும், வாய்மொழிக் குத்தகையில் உழுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கதிர் போனவருக்குக் கையில் காகிதம் இல்லை; ஈடு கேட்டுப் போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்பார்கள். வேட்டைக் குத்தகையின் பணம் உடையவருக்கு, சேதம் உழுபவருக்கு என்றாகும். வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேண்டுமா?

அண்டையில் நடந்தவையும் பாடம் சொல்கின்றன. 2022இல் கேரளம், காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்றும், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும் என்றும் வகுத்தது. இவற்றில் குறைகள் இருக்கலாம். ஆனால் இரண்டிலும் முடிவு பொது அமைப்பின் கையில் இருக்கிறது. விலங்கு பெருகுவதில் ஆதாயம் காண்பவர் எவரும் அங்கே இல்லை.

ஜெர்மனியிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. அது துப்பாக்கியோ குத்தகையோ அல்ல. சேதத்துக்கு ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற பிடிவாதம். அந்த ஈடு பட்டாவில் பெயர் உள்ளவருக்கல்ல, அந்தப் போகத்தில் நாற்று நட்டவருக்குச் சேர வேண்டும். அதைச் செய்துவிட்டு வாருங்கள், பிறகு வேட்டையைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் பேசுவது, வயலைப் பார்க்காதவர் வயலுக்குக் காவல் ஏலம் விடுவதற்கு ஒப்பானது.