நித்தியகல்யாணியும் பச்சிலைதான்

கருமத்தம்பட்டிக்கும் சோமனூருக்கும் நடுவே, தறிச்சத்தம் ஓயாத தெரு ஒன்றில், மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ முடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறார் ஒரு பெண். மருந்து ஏற்றி நாலு நாள் ஆகிறது. வாய் கசக்கிறது, கால் துவள்கிறது. பார்க்க வந்த பெரியம்மா, பச்சையாக எதையோ அரைத்து ஊற்றிய பாட்டிலைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொல்கிறார்: “அம்மணி, அந்த மருந்த இனி ஏத்தாதே, வெசம் அது. இதக் குடி. பச்சிலைக்கு என்ன பக்கவிளைவு வந்துரப் போவுது?” கூட வந்தவர் கைப்பேசியை நீட்டுகிறார். முள்சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்று பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அதே செய்தி. மூன்றாவது கீமோவுக்குத் தேதி குறித்த சீட்டு தலையணைக்கு அடியில் போய்விடுகிறது.

பச்சிலைக்குப் பக்கவிளைவு இல்லை. இந்த ஒரு வாக்கியம் கொங்கு நாட்டில் எத்தனை பேரைச் சிகிச்சையிலிருந்து பாதியில் இறக்கிவிட்டிருக்கிறது! படிக்காதவர்தான் சொல்கிறார் என்றும் இல்லை. மில் முதலாளி சொல்கிறார், பள்ளி ஆசிரியர் சொல்கிறார், பிள்ளையை மருத்துவக் கல்லூரியில் படிக்க வைப்பவரும் சொல்கிறார்.

சொல்பவர்கள் அத்தனை பேரும் முதலில் தங்கள் வாசலைப் பார்க்கட்டும். தண்ணீர் விடாமலே பூத்து நிற்குமே நித்தியகல்யாணி, ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும், அதுதான் கீமோ. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் வின்கிறிஸ்டின், ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஏற்றும் வின்பிளாஸ்டின் இரண்டும் அந்த இலையிலிருந்து எடுக்கப்பட்டவை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் ஏக்கர் கணக்கில் இதைப் பயிரிட்டு, காயவைத்து, மருந்துக்காக ஏற்றுமதி செய்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்த கதை இன்னும் முக்கியமானது. 1952-இல் ஜமைக்காவிலிருந்து இந்த இலை கனடாவுக்குப் போனது. ஜமைக்காவில் அதைக் கசாயம் வைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். கனடாவில் ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவே இல்லை. சாற்றை ஊசியில் செலுத்தினார்கள். எலிகள் கிருமித்தொற்றில் செத்தன, ஏனென்றால் அவற்றின் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளை அணுவைச் சரிக்கும் பொருள் வெள்ளை அணுப் புற்றுநோயையும் சரிக்குமே என்று யோசித்த பிறகுதான் மருந்து பிறந்தது. 1958-இல் வின்பிளாஸ்டின் வெளியே தெரிந்தது. பக்கவிளைவைக் கண்டுபிடித்த வழியாகத்தான் மருந்தையே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதே இலை தந்த வின்கிறிஸ்டினை ரத்தக்குழாயில் ஏற்றினால் குழந்தை பிழைக்கிறது. தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் செலுத்திவிட்டால் இறந்துபோகிறது. பச்சிலைதானே, என்ன ஆகிவிடும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நித்தியகல்யாணி தனியாக நிற்கவில்லை. பாக்லிடாக்செல் பசிபிக் கரையோரத்து யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. கொங்கு நாட்டுப் பெண்கள் “செவப்பு ஊசி” என்று பயப்படும் டாக்சோரூபிசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி கொடுத்த கொடை. (அதை ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாததால் பதறி அழுத குடும்பங்கள் ஏராளம்.) ஆங்கில மருத்துவம், நாட்டு மருத்துவம் என்று கோடு கிழிப்பவர்கள் எல்லாப்பிரகட சுப்பாராவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அமெரிக்காவில் அவர் தலைமையில் உருவான அமினோப்டெரினைத்தான் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து 1948-இல் முடிவை வெளியிட்டார். அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் கோவை மருத்துவமனைகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. இவர்கள் விஷம் என்று தூற்றும் கீமோவின் தொடக்கத்தில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரி ஆசிரியரின் கையும் இருக்கிறது.

சரி, இவர்கள் நீட்டும் இலைகளுக்கு வருவோம். முள்சீத்தாவை வழக்கமாகச் சாப்பிடும் குவாடலூப் தீவில், பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கமும் தள்ளாட்டமும் ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது என்று ஆராய்ந்தவர்கள், 1999-இல் அந்தப் பழத்தின் மீதும் இலைக் கசாயத்தின் மீதும் சந்தேகத்தை வைத்தார்கள். கொரோனாக் காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில்கொடிச் சாறு குடித்துக் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். கீமோ மருந்துகளில் பலவற்றைக் கழிப்பதே கல்லீரல்தான். அந்தக் கல்லீரலின் தலையில் ஒரு பாட்டில் பச்சைச் சாற்றைக் கொட்டுவதற்குப் பெயர் பாசமா?

கீமோவின் மீதான இந்தப் பயத்தை ஊட்டியதில் நம் சினிமாவுக்கும் பங்குண்டு. ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டும் 1982-இல் வந்தன. இரண்டிலும் நாயகனுக்கு ரத்தப் புற்றுநோய், இரண்டிலும் சாவு. நாற்பது வருடம் ஓடியும் அந்தப் படுக்கைதான் இன்னும் பலர் கண்ணில் நிற்கிறது. இதற்கிடையில், வசதியான நாடுகளில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் கிட்டத்தட்டப் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கும் காலம் வந்துவிட்டது. எந்த மருந்துகளால்? வரிசையில் முன்னால் நிற்பது நித்தியகல்யாணியின் வின்கிறிஸ்டின்.

வாந்தி பற்றிய பயமும் அப்படித்தான், பழையது. கீமோ என்றால் குடல் வெளியே வரும் என்பது 1980-களின் பேச்சு. ஒன்டான்செட்ரான் 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு அப்ரெபிடன்ட் வந்தது, குறைந்த அளவில் ஒலான்சபைன் சேர்ந்தது. வாந்தி வந்தபின் போடுவதற்கல்ல, வருவதற்கு முன்பே போடுவதற்குத்தான் இவை. “ஏற்கெனவே எத்தனை மாத்திரை, இதையும் எதுக்குங்க?” என்று வீட்டில் யாரோ ஒருவர் அதையே நிறுத்திவிடுகிறார், பிறகு வாந்தி எடுத்ததும் கீமோவைத் திட்டுகிறார். இஞ்சி குமட்டலை ஓரளவு தணிப்பதாக ஆய்வு உண்டு. அந்த ஆய்வில் இஞ்சி வாந்தி மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இஞ்சியை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை.

ஒவ்வொரு மருந்துக்கும் தொந்தரவு வேறு, தாங்கும் வழியும் வேறு. சில மருந்து ஏறும்போது வாயில் ஐஸ்கட்டியை ஒதுக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறைகிறது. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவருக்கு அதே ஐஸ் ஆகாது, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விரல் சுரீரென்று இழுக்கும். வின்கிறிஸ்டினில் மலம் இறுகும், இரினோடெக்கானில் வயிறு போகும். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலைக் கொண்டுவருகிறவருக்கு என்ன மருந்து ஏற்றினார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றுவதில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது காய்ச்சல் நேரத்தில் இந்தப் பச்சிலை நம்பிக்கை செய்யும் வேலை. கீமோ ஏறி ஏழு முதல் பதினான்கு நாள் வரை வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கும். மூன்றாவது வாரத்தில் ஏறும். பல மருந்துகளுக்கு 21 நாள் இடைவெளி விடுவது அதனால்தான். அந்த நாட்களில் தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. எதிர்த்து நிற்க அணுக்கள் இல்லாததால் சீழ்கூடக் கட்டாது, சளிகூடச் சேராது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாயில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். கனடாவில் அந்த எலிகளைக் கொன்றது இதே நிலைமைதான்.

காய்ச்சல் வந்த அந்த ராத்திரியில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? நிலவேம்புக் கசாயம் கொதிக்கிறது. “உடம்புச் சூடு, காலையில பாத்துக்கலாம்” என்று ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கிறது, கிருமியைத் தொடுவதில்லை. விடியும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கை கால் சில்லிட்டுப் போகிறது. கருமத்தம்பட்டி ஒன்றும் காட்டுக்குள் இருக்கிற ஊர் இல்லை. அவிநாசி சாலையிலேயே இருக்கிறது; ராத்திரி வண்டியெடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கோவையின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றில் நிற்கலாம். போகவிடாமல் தடுத்தது கசாயத்தின் மீது வைத்த நம்பிக்கை. ஆனால் மறுவாரம் துக்க வீட்டில் பேச்சு எப்படிப் போகிறது? “அந்தக் கீமோதான் கொன்னுபோட்டுது.” அடுத்த நோயாளியை மிரட்ட இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

நலம் விசாரிக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளை அணு தரையில் கிடக்கும் அதே வாரத்தில்தான் நாலு வண்டியில் சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள், மூக்கு ஒழுகும் குழந்தைகளோடு. வந்தவுடன் தலையைத் தடவி, “இடுப்பு மட்டும் இருந்த முடி போச்சே” என்று ஒப்பாரி. மருந்து முடிந்து சில மாதங்களில் முடி திரும்ப முளைக்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. புற்றுநோய் தொற்றாது என்று தெரிந்தும் போகும்போது தண்ணீர் டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறார்கள்.

பெரிய மனிதர்களும் சும்மா இருப்பதில்லை. 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தன் மனைவியின் நாலாம் கட்டப் புற்றுநோயை வேம்பும் மஞ்சளும் எலுமிச்சையும் உணவுக் கட்டுப்பாடும் வென்றதாகப் பேசினார். அந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முறையான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்களின் மரண ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்த அதே 1954-இல்தான் மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டமும் வந்தது. புற்றுநோயைக் குணமாக்குவதாக ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, திரும்பச் செய்தால் ஒரு வருடம் வரை. எழுபது வருடம் கழித்து, 2024-இல், பதஞ்சலி போன்ற பெரிய நிறுவனத்தை உச்ச நீதிமன்றம் இழுத்து நிறுத்திப் பத்திரிகையில் மன்னிப்புக் கேட்க வைத்தது. காலை நேர கேபிள் டிவியில் புற்றுநோய்க்கு லேகியம் விற்கிறவரை யார் இழுப்பது? வாரண்ட் இல்லாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது. கருமத்தம்பட்டியிலும் காவல் நிலையம் இருக்கிறது. நோயாளியின் வீட்டுக்குப் பாட்டில் கொண்டுபோகும் சொந்தக்காரர்கள், அந்த விளம்பரத்தின் நகலை எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு புகார் எழுதிக் கொடுக்கட்டும்.