ஒரு சர்வருக்கு எத்தனை ஐபி?

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைக் கடை ஒன்று இணைய விற்பனைக்கு வாடகைச் சர்வர், அதாவது தொலைவிலுள்ள தரவு மையத்தில் மாதக் கட்டணத்துக்குப் பெறும் கணினி, எடுக்கும்போது, பல ஐபி முகவரிகள் தேவையா என்ற கேள்வி எழுகிறது. ஐபி முகவரி என்பது இணையத்தில் கணினியை இனங்காட்டும் எண். ஐபிவி4 என்ற முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு, உலகப் பொதுக் கையிருப்பும் 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டதால், கூடுதல் எண்ணுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. மறையாக்கம் செய்த ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் வேண்டும் என்பது ஒருகாலத்தில் உண்மைதான். ஆனால் உலாவி தான் நாடும் தளத்தின் பெயரை இணைப்பின் தொடக்கத்திலேயே அறிவிக்கும் எஸ்என்ஐ முறை பரவியபின், ஒரே எண்ணில் நூறு கடைகள் இயங்கலாம். விளம்பர அஞ்சலால் பெயர் கெட்ட எண்ணிலிருந்து செல்லும் ரசீதும் ஸ்பேமில் விழக்கூடும் என்பதால், மின்னஞ்சலுக்கு மட்டும் இரண்டாவது எண் நியாயமானது. ஒரே கடையைப் பத்துக் கடைகளாகக் காட்ட எண்களைக் குவிப்பதோ, ஊர்ப்பெயரையே காக்கும் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரப் பட்டுக்குத் தேவையற்ற வேடம். அது மறைவும் அன்று, ஏனெனில் எந்த எண் எந்த வாடிக்கையாளருக்குத் தரப்பட்டது என்ற பதிவைச் சர்வர் வாடகை நிறுவனங்கள் 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று நடுவண் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டுள்ளது.