கருப்பையை அகற்றும் முன்...

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டின் சித்தூர் வட்ட வயல்களிலும் கூலிக்கு உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கு, மிகையான உதிரப்போக்கு என்பது உடல்நோவு மட்டுமன்று, கூலி இழப்பும்கூட. பல நேரங்களில் அதற்குக் காரணம் கருப்பையில் வளரும் நார்த்திசுக் கட்டி. இக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

கட்டியின் அளவையும் இடத்தையும் காட்டுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதன் பின்னரே மருந்தா, கட்டியை மட்டும் நீக்குவதா, கருப்பையையே அகற்றுவதா என முடிவெடுக்க வேண்டும். 1995-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் அறிவித்த தமனி அடைப்புச் சிகிச்சையும் உண்டு. மெல்லிய குழாய் வழியே நுண்துகள்களைச் செலுத்தி, கட்டிக்குச் செல்லும் ரத்தம் தடுக்கப்படுகிறது, கட்டி சுருங்குகிறது. இது எல்லோருக்கும் பொருந்தாது. எனினும், இப்படியொரு வழி உண்டு என்று அறியும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 3.3 சதவீதத்தினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். தேவையற்ற அறுவைச் சிகிச்சைகளைத் தடுக்க, மத்திய அரசின் 2022 வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களில் ஏற்குமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அது மாவட்டவாரியாக எவ்வாறு நிறைவேறியது என்று நாடாளுமன்றத்தில் கேட்பது கேரள உறுப்பினர்களின் கடமை.

குழுக்கள் அமைத்தால் மட்டும் போதாது. வட்ட மருத்துவமனைகளில் ஸ்கேன் கருவியும் அதை இயக்க மருத்துவரும் வேண்டும். மாற்றுச் சிகிச்சைகளைத் தமிழில் விளக்கிய பிறகே ஒப்புதல் கையொப்பம் பெற வேண்டும். 2015-இல் போனசுக்காக மூணாறு சாலையில் அமர்ந்து போராடிய பெண்கள், தம் உடல் குறித்து முடிவெடுக்கவும் அறிவார்கள்.